பதினாலாம் பக்கத்துச் சாட்சி

ஐயோ, கலர் எதற்கு அக்கா, தண்ணீர் போதும் என்றேனே. உடைத்துவிட்டீர்களா? சரி வையுங்கள், குடிக்கிறேன். நீங்கள் உட்காருங்கள். அந்த ஜாக்கெட்டுக்கு யாராவது இப்போதே வந்து நிற்பார்களா? இல்லையென்றால் மிஷினை ஒரு அரைமணி நேரம் நிறுத்துங்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே இதைச் சொன்னால் தெருவில் போகிறவர்களுக்குச் சண்டை போடுகிற மாதிரி கேட்கும்.

வாசலில் நின்று ‘ஒலிவக்கிளை பத்திரிகையிலிருந்து வருகிறேன்’ என்றேன் இல்லையா, அது பொய் இல்லை. ஆனால் அவர்கள் அனுப்பி நான் வரவில்லை. நான் வந்தது அவர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கும் தெரியாது. தூத்துக்குடியில் பல் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நாசரேத் பஸ் ஏறினேன். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

என் பெயர் பெர்னதெத். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நானும் உங்களை இப்போதுதான் பார்க்கிறேன். ஆனால் தங்கபுஷ்பம் அக்கா கையெழுத்தை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன். ரூல் போட்ட நோட்டுத்தாள், எட்டுப் பக்கம், மார்ஜினைக் கூட விடாமல் எழுதியிருந்தீர்கள். உங்கள் ரூபனுக்கு வலிப்பு சுகமான சாட்சி. ஆகஸ்ட் இதழில் பதினாலாம் பக்கம். அதோ, ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறீர்களே, அதேதான். அந்த எட்டுப் பக்கத்தை ஒரு பக்கமாக ஆக்கினது நான்.

கையைப் பிடிக்காதீர்கள் அக்கா, அழுதுவிடுவேன். நன்றி எல்லாம் சொல்லாதீர்கள். எனக்கு உங்களிடம் ஒரே ஒரு வார்த்தை வேண்டும். ‘என் மகனுக்கு ரெண்டு வருஷம் மாத்திரை கொடுத்தேன்.’ அவ்வளவுதான். அதை என் வீட்டுக்காரரிடம் போனில் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைக்கும் அதே வியாதி. மூன்றாவது வயது ஞாயிற்றுக்கிழமை நிறைகிறது. உங்கள் சாட்சியைப் படித்துவிட்டு அவர் மருந்தை நிறுத்திவிட்டார். இன்றைக்கு ஐந்தாவது நாள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? முழுசாகக் கேளுங்கள். நான் வரிசையாகச் சொல்கிறேன்.

பேசுகிறது புத்தகம் வாசிக்கிற மாதிரி இருக்கிறதா? அவரும் அதைத்தான் சொல்வார். “ஏ பிள்ள, குழம்ப சுட வைக்கேன்னு சொல்லுததே சபை அறிவிப்பு மாதிரில்லா இருக்கு” என்பார். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் அக்கா. கொச்சையாகப் பதில் சொன்னால் எழுப்பி நிறுத்தி மறுபடி சொல்ல வைப்பார்கள். கட்டுரைப் போட்டி என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். தண்ணீர்ச் சிக்கனமா, தாய்மொழிப் பற்றா, எதைக் கொடுத்தாலும் எழுதிவிடுவேன். எதிலும் எனக்கென்று அபிப்பிராயம் இருந்ததில்லை. எழுத வரும், அவ்வளவுதான்.

கல்யாணம் ஆனதும் கத்தோலிக்கக் கோயிலை விட்டு அவர் சபைக்கு வந்துவிட்டேன். மறுபடியும் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அன்றோடு எங்கள் அப்பா, “கோயில விட்டுப் போனவ என் வாசப்படி ஏறக்கூடாது” என்று சொல்லிவிட்டார். அதனால் அந்தப் பக்கம் எனக்கு யாரும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயேன்’ என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்பார்கள்.

இவாஞ்சலினுக்கு, இவா என்று கூப்பிடுவோம், பத்தாவது மாதத்தில் காய்ச்சலோடு முதல் வலிப்பு. காய்ச்சலில் வருவது சகஜம் என்றார்கள். பிறகு காய்ச்சல் இல்லாமலே வந்தது. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் எழுதியிருந்தீர்களே, ‘என் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே என்னை விட்டுப் போன மாதிரி இருந்தது’ என்று. அந்த ஒரு வரியில் மட்டும் நான் கை வைக்கவில்லை.

பாளையங்கோட்டையில் டாக்டர் சிரப் எழுதிக் கொடுத்தார். “ரெண்டு வருஷம் ஒரு வேளை விடக்கூடாதும்மா. நல்லாத்தான இருக்கான்னு நீங்களா நிறுத்துனீங்கன்னா, வாறது சும்மா வராது. நிக்காம வரும்.” அந்த ‘நிக்காம வரும்’ என்கிற வார்த்தை என்னுள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பிள்ளை தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று நெஞ்சைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். சும்மா பார்த்துக்கொண்டே இருந்தால் புத்தி பேதலித்துவிடும் அக்கா. மடியில் நோட்டை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். எழுதினதைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். பத்தே நாளில் தீத்து பிரதர் போன் பண்ணினார். தீத்துராஜ், அவர்தான் ஒலிவக்கிளையின் ஆசிரியர். “உங்க எழுத்துல பாரம் இருக்கு சிஸ்டர். ஆனா வடிவம் இல்ல. பயிற்சி முகாமுக்கு வாங்க” என்றார்.

மூன்று நாள் முகாம். இருபத்திரண்டு பேர். ரிட்டயர்டு வாத்தியார்கள், பாஸ்டர் மனைவிமார், ஒரு போஸ்ட்மேன் கூட வந்திருந்தார். இவாவை அத்தையிடம், அவர் அம்மாவிடம், விட்டுவிட்டு, சிரப்பு வேளையைக் காலண்டரில் எழுதிவைத்துவிட்டுப் போனேன். அப்போதெல்லாம் அத்தை நேரம் தவறாமல் கொடுத்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் நாள் என் தாள் முழுக்கச் சிவப்பு மை. ‘கடவுள்’ என்று எழுதியிருந்தேன், ‘கர்த்தர்’ என்று மாற்றினார். ‘செபம்’ என்று எழுதியிருந்தேன். “சிஸ்டர், இன்னும் கோயில் சாம்பிராணி வாடை போகல” என்று எல்லார் முன்னாலேயும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே தீர்மானம் பண்ணிவிட்டேன், மூன்றாவது நாள் இந்த ஆள் என் தாளில் பேனா வைக்கக் கூடாது என்று.

வைக்கவில்லை அக்கா. என் தாளைத்தான் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்.

என்ன சொல்லிக் கொடுத்தார் என்று கேளுங்கள். சாட்சி என்பது வாக்குமூலம் இல்லை, அழைப்பு. வாசிக்கிறவன் பஸ்ஸில் நின்றுகொண்டு வாசிப்பான், அடுத்த ஸ்டாப்புக்குள் அவன் அசைய வேண்டும். முதல் வரியிலேயே யாராவது கதவைத் தட்ட வேண்டும், அல்லது விழ வேண்டும். டாக்டர் வந்தால் அவர் கையை விரிக்க வேண்டும். கையை விரிக்காத டாக்டருக்குச் சாட்சியில் வேலை இல்லை. ஊர்ப் பெயரைப் போடு, தெருப் பெயரைப் போடாதே. வசனத்தைக் கடைசி வரியில் வைக்காதே, கடைசிக்கு முந்தின வரியில் வை. வாசகன் எங்கே அழுவான் என்று உனக்குத் தெரிய வேண்டும், அழுது முடிக்கிற இடத்தில் அழைப்பை வை. மூக்கைத் துடைப்பதற்குள்.

அப்புறம் ஒன்று. அதுதான் முக்கியம் என்று போர்டில் பெரிதாக எழுதிக் கோடு போட்டார். “மருந்தும் ஜெபமும் ஒரே பத்தியில நிக்கக்கூடாது. நின்னா, மகிமை யாருக்குன்னு வாசகன் குழம்பிருவான்.” நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இவாவுக்கு அஞ்சு மில்லி ஊற்றிக் கொடுத்து, தலையில் கை வைத்து ஜெபமும் பண்ணினேன். ரெண்டும் ஒன்றோடொன்று இடிப்பதாக எனக்குத் தோன்றவேயில்லை. அது பத்திரிகை, இது வீடு.

பிறகு மாதா மாதம் கவர் வரும். பத்து, பதினைந்து கடிதங்கள். குடிகாரர்கள் திருந்தினது, பரீட்சையில் பாஸானது, பதினோரு வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்தது. இவா தூங்கும்போது உட்கார்ந்து சுருக்குவேன். ஜூன் மாதக் கவரில் உங்களுடையது இருந்தது.

அக்கா, உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். அதே வியாதி. எட்டுப் பக்கத்தையும் நான்கு தரம் வாசித்தேன். எனக்கு அது முழுக்க மனப்பாடம். ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள்: ‘டாக்டர் சொன்னபடி ரெண்டு வருஷம் ஒரு நாள் விடாமல் மாத்திரை கொடுத்தோம். பாதி மாத்திரைதான். உடைக்கும்போது தூளாகிப் போனால் தேனில் குழைத்துக் கொடுப்பேன். ஒவ்வொரு மாத்திரையையும் கைக்குள் வைத்து ஜெபம் பண்ணித்தான் கொடுத்தேன்.’ அதை வாசித்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? ரெண்டு வருஷம் கொடுத்தால் தீர்ந்துவிடும், ஒருத்திக்குத் தீர்ந்திருக்கிறது என்று இவாவைத் தட்டி எழுப்பிச் சொல்லலாம் போலிருந்தது.

அதை வாசித்துவிட்டு அதை வெட்டினேன்.

கொஞ்சம் இருங்கள். ஒரே மூச்சில் வெட்டவில்லை. முதலில் ‘மருந்தும் கொடுத்தோம்’ என்று இரண்டே வார்த்தையில் வைத்துப் பார்த்தேன். தீத்து பிரதர் போனில், “அந்த ரெண்டு வார்த்தை முள்ளு மாதிரி குத்துது சிஸ்டர். எடுத்துட்டு வாசிச்சுப் பாருங்க” என்றார். எடுத்துவிட்டு வாசித்தேன். பிரதர் சொன்னது சரிதான். வழுக்கிக்கொண்டு போனது. அந்த இடத்தில் ஒரு வரி தேவைப்பட்டது, நானே எழுதினேன். ‘அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மருந்து வாசனை இல்லை.’

பொய் எழுதினேன் என்று நினைக்காதீர்கள். ரெண்டு வருஷம் முடிந்து டாக்டரே போதும் என்றார் அல்லவா, அன்றிலிருந்து உங்கள் வீட்டில் மருந்து வாசனை இல்லைதானே? உள்ளதுதானே? நான் ‘அன்றிலிருந்து’ என்கிற ஒரு வார்த்தையை எடுத்து, நீங்கள் ரூபனுக்காக முழங்காலில் நின்று ஜெபித்த அந்த முதல் நாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு நாற்காலியை நகர்த்திப் போடுகிற மாதிரி. அவ்வளவுதான் செய்தேன்.

இதழ் வந்தது. ஒரு மாதத்துக்குள் அந்தப் பக்கத்துக்கு மட்டும் முப்பத்தாறு கடிதம். இதுவரை எந்தச் சாட்சிக்கும் அப்படி வந்ததில்லை என்று பிரதர் சொன்னார். திசையன்விளையில் ஒரு அம்மா சுகர் ஊசியை விட்டுவிட்டதாக எழுதியிருந்தார்கள். ராதாபுரத்தில் ஒருவர் நெஞ்சுவலி மாத்திரையை. இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றையும் இரண்டிரண்டு வரியாகச் சுருக்கி ‘வாசகர் தீர்மானங்கள்’ என்று ஒரு பகுதியே போட்டோம். அதற்குத் தலைப்பு கூட நான் கொடுத்ததுதான். அவர்களை விடுங்கள். நான் சொல்ல வந்தது என்னவென்றால், அந்தப் பக்கம் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது.

சபையில் என்னை முன்னாலே கூப்பிட்டு நிறுத்தினார்கள். எங்கள் சபையில் ஒருத்தியின் கையால் இப்படி ஒரு எழுத்தா என்று. மைக்கைக் கொடுத்தார்கள். “நான் எழுதவில்லை, எழுத வைக்கப்பட்டேன்” என்றேன். எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள்? கச்சேரி பண்ணுகிறவர்கள் எல்லாம் குருவின் ஆசி என்கிற மாதிரி. அடக்கத்துக்குச் சொன்னது. அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் காட்வின். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். உப்பு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. பிள்ளைக்கு வலிப்பு வரும்போதெல்லாம் என்னைவிட அவர்தான் உடைந்துபோவார். செருப்பில்லாமல் ஆட்டோவுக்கு ஓடியிருக்கிறார். அந்த மனுஷர் அந்தப் பக்கத்தை லேமினேட் பண்ணிக்கொண்டு வந்து இவாவின் கட்டிலுக்கு மேலே ஒட்டினார். தினமும் வாசிப்பார். அவருக்குப் புத்தகம் வாசிக்கிற பழக்கமே கிடையாது. நான் எழுதினதில் அவர் முழுசாக வாசித்தது அது ஒன்றுதான். எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. மறைக்கவில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் மீன்முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார், “அந்த நாசரேத் அக்கா மருந்து குடுக்கலல்லா. நாம மட்டும் எதுக்குக் குடுக்கோம்?”

நான் சிரித்தேன். விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, அலமாரியிலிருந்து சிரப்பை எடுத்து வாஷ்பேசினில் கவிழ்த்தார். பாதிப் பாட்டில் இருந்தது. எங்கள் வீட்டு மருந்து வாசனை ஸ்ட்ராபெரி வாசனை அக்கா. வீடு முழுக்க அடித்தது.

“அவங்க குடுத்தாங்க. ரெண்டு வருஷம் குடுத்தாங்க. நான்தான் வெட்டுனேன்” என்று கத்தினேன்.

“எதுக்கு வெட்டுன?”

“எழுத்துக்கு. அழகுக்கு. பிரதர் சொன்னாங்க.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம். “பெர்னா, நீ பயத்துல பேசுத. எழுதுனது நீ இல்லன்னு நீதானே மைக்ல சொன்ன? இப்ப நீதான்னு சொல்லுத. எதை நம்ப?”

ஒரு முழு நாள் பேசினேன். பயிற்சி முகாமில் கற்றது எல்லாவற்றையும் போட்டுப் பேசினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அழுதேன். வசனம் எடுத்தேன். ஒரு ஆளை அசைக்கத்தானே மாதா மாதம் எழுதுகிறேன், என் வீட்டு ஆளை அசைக்க முடியவில்லை. ஏற்கெனவே நான் அசைத்துவிட்ட ஆள் அல்லவா? அந்தப் பக்கத்துக்கு எதிராக நான் என்ன சொன்னாலும் அந்தப் பக்கம்தான் நன்றாக இருக்கிறது.

ரெண்டு நாள் ஒளித்துக் கொடுத்தேன். புது பாட்டில் வாங்கி அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன். பிள்ளையே காட்டிக் கொடுத்துவிட்டாள். “ஆச்சி, அம்மா இனிப்பு மருந்து தந்தா” என்று அத்தையிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மூன்று வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அன்றிலிருந்து இவா அத்தையோடுதான். சோறு ஊட்டுவதும் அவர்கள், படுக்க வைப்பதும் அவர்கள். என்னை அடிக்கவில்லை, வையவில்லை. அத்தை, “சந்தேகப்படுத கையால பிள்ளைக்கு ஊட்டக்கூடாதும்மா, அவ்வளவுதான்” என்கிறார்கள். அந்த ரெண்டு நாளைக் கணக்கில் எடுக்காமல்தான் ஐந்து நாள் என்றேன்.

நேற்று மத்தியானம் இவா தட்டில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. கண் மேலே போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணினேன். ஏழு எண்ணுவதற்குள் திரும்பி வந்து அப்பளத்தைக் கேட்டாள். அத்தை கையைத் தட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். பிள்ளையைப் பிடித்திருக்கிறது வெளியே புறப்படுகிற நேரத்தில் ஒரு தரம் அப்படித்தான் உலுக்குமாம்.

தீத்து பிரதரிடம் போகாமல் இருப்பேனா? அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், மூலையில், எவ்வளவு சின்ன எழுத்திலாவது போடுங்கள் என்று காலில் விழாத குறை. “சிஸ்டர், திருத்தம் போட்டா சாட்சி பொய்யாயிரும். முப்பத்தாறு குடும்பம் இடறிப்போகும். ஒரு ஆத்துமாவுக்காக முப்பத்தாறையா?” என்றார். அக்கா எழுதின கடிதத்தையாவது தாருங்கள், வீட்டுக்காரரிடம் காட்டுகிறேன் என்றேன். மூன்று மாதம் ஆனால் கடிதங்களை எரித்துவிடுவார்களாம். எழுதினவர்களின் குடும்ப ரகசியம் வெளியே போகக்கூடாது என்று அப்படி ஒரு ஒழுங்கு. நல்ல ஒழுங்குதான்.

அதனால்தான் அக்கா, கடிதம் போனால் என்ன, கடிதம் எழுதின ஆள் இருக்கிறார்களே என்று வந்தேன். அவர் என்னை நம்பமாட்டார், டாக்டரை நம்பமாட்டார். உங்களை நம்புவார். இந்த உலகத்தில் அவர் நம்புகிற ஒரே ஆள் நீங்கள். இதோ போன். நம்பர் போட்டுத் தருகிறேன். “தம்பி, நான் மாத்திரை குடுத்தேன்” என்று ஒரு வார்த்தை.

என்ன அக்கா?

குடுக்கலியா?

அக்கா, பாதி மாத்திரை. தேனில் குழைத்து. நீங்கள்தான் எழுதினீர்கள். அதைப் பதினாலாம் பக்கத்தில் தேடாதீர்கள், அதில் இருக்காது, அதில் இல்லாதபடிக்குத்தானே நான்... ஃப்ரேமைப் பார்க்காதீர்கள் அக்கா, என்னைப் பாருங்கள்.

ஆமாம். ‘அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மருந்து வாசனை இல்லை.’ வாசிக்க வேண்டாம், எனக்குத் தெரியும். நான் எழுதினது. எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து எழுதினது.

கோபப்படாதீர்கள். உங்களைப் பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லுங்கள், கேட்கிறேன். ம். உங்கள் மாமியார் அப்படியா சொன்னார்கள்? பேய் பிடித்த பிள்ளையைப் பெற்றவள் என்று? கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுப்பி விட்டார்களா? இதை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லையே அக்கா. எழுதியிருந்தால் முதல் வரியாகவே வைத்திருப்பேன்.

ம். பத்திரிகை வந்த பிறகு அதே மாமியார் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்களா? மூன்று கன்வென்ஷன் கூட்டத்தில் பேசிவிட்டீர்களா? மைக் பிடித்து? சாத்தான்குளத்தில் ஜனங்கள் எழுந்து நின்றார்களா? எனக்குத் தெரியாது. பிரதர் இதையெல்லாம் என்னிடம் சொல்லவில்லை. நூறு தரம் சொன்ன பிறகு அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிடும்தான். எனக்குப் புரிகிறது. மாத்திரை கொடுத்த ஞாபகமே இல்லையா? கொஞ்சம் கூடவா? அந்தத் தேன் பாட்டில்?

சரி. சரி அக்கா. ஞாபகம் இல்லாவிட்டால் பரவாயில்லை. எனக்காகச் சொல்லுங்கள். பொய்யாகவாவது சொல்லுங்கள். உங்களுக்கு அது பொய், எனக்கு அது மெய். காட்வின் என்கிற ஒரே ஒரு ஆளிடம். சபைக்குத் தெரியாது, கன்வென்ஷனுக்குத் தெரியாது...

யார் போன் பண்ணினது? முந்தாநாளா?

அவரா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் என்று எனக்குத் தெரியும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு எண்பது பேருக்குப் பிரியாணி சொல்லியிருக்கிறார். சாட்சி சொல்ல ஒரு அக்கா வருகிறார்கள் என்றார். யார் என்று என்னிடம் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். அவர் அப்படித்தான். என் பிறந்தநாளுக்கும் புடவையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பார்.

வாக்குக் கொடுத்துவிட்டீர்களா? கார் அனுப்புகிறாரா?

தம்பி போனில் அழுதாரா. அழுவார். உண்மையாகத்தான் அழுவார்.

இல்லை, கலர் குடிக்கிறேன், நீங்கள் போய் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். என்ன நோட்டு அது? ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்கா? நானா எழுதித் தர வேண்டும்? ஆமாம், ஒவ்வொரு கூட்டத்திலும் அதையே சொன்னால் ஜனங்களுக்குப் புளித்துப்போகும்தான். புதிதாக ஏதாவது வேண்டும்தான். நான் எழுதினால் நன்றாக இருக்கும்தான்.

கொடுங்கள்.

பேனாவும் கொடுங்கள். மிஷின் மேலேயே வைத்து எழுதுகிறேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து ஆரம்பிப்போம் அக்கா. இலை போட்டாயிற்று, சோறு விழப் போகிறது, ஒரு கை வந்து உங்கள் தோளைத் தொடுகிறது. ‘நீ எழுந்திரு.’ அந்த இடத்தில் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்துவிடுவார்கள். பிறகு மடியில் ரூபன். பிறகு அந்த நாள், அந்த வலிப்பு, ‘என் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே என்னை விட்டுப் போன மாதிரி.’ இதை நிறுத்தி, மெதுவாகச் சொல்லுங்கள். அதன் பிறகு, இருங்கள், இந்த வரியை மட்டும் அடித்து அடித்து எழுதுகிறேன்.

வாசிக்கட்டுமா? ‘அந்த வெள்ளை மாத்திரையை நான் என் மகனுடைய நாக்கில் வைத்த ஒவ்வொரு நாளும், என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது கர்த்தருடைய கை.’ எப்படி இருக்கிறது? பார்த்தீர்களா, மருந்தும் ஜெபமும் ஒரே வரியில் நிற்கிறது. யாருக்கு மகிமை என்று எந்த வாசகனும் குழம்பமாட்டான். தீத்து பிரதர் தோற்றுப்போவார். நான் எழுதினதிலேயே இதுதான் நல்ல வரி. சத்தியமாக. இதை மட்டும் அங்கே வந்து சொல்லிவிடுங்கள் அக்கா. அவர் முன்வரிசையில் இருப்பார். இவா அவர் மடியில் இருப்பாள்.

என்ன? பேனாவா? இந்தாருங்கள்.

ஏன் அக்கா.

‘இது வந்தா கூட்டம் அமந்து போயிரும் தங்கச்சி.’ அப்படியா. மூன்று கூட்டம் பேசின அனுபவத்தில் சொல்கிறீர்கள். எங்கே ஜனங்கள் எழுந்து நிற்பார்கள், எங்கே உட்காருவார்கள் என்று உங்களுக்குத் தெரிகிறது. என்னைவிடத் தெரிகிறது.

அடித்துவிட்டீர்கள்.

ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே கோடு. தையல்காரக் கை அல்லவா.

கொடுங்கள், வாசித்துப் பார்க்கிறேன். மேல் வரி... கீழ் வரி... ம்.

ஆமாம் அக்கா. ஒட்டிக்கொண்டுவிட்டது. வெட்டின இடமே தெரியவில்லை.